எல்ஜிபிடி மாணவர் மாநாட்டை அயோவாவில் நடத்தக் கேட்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

சோளக்காட்டான்:

வணக்கம் மக்களே. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன். இங்குள்ள எல்ஜிபிடி மாணவர் அமைப்புக்கு நான்தான் பொருளாளர், கணக்குப் பார்க்க வேறு ஆள் சிக்காததால் வந்த பதவி. மிட்வெஸ்ட் பக்கம் வருடத்துக்கு ஓர் ஊர் என்று மாறி மாறிக் கூடும் மாணவர் மாநாடு ஒன்றை எங்கள் ஊரில் நடத்தக் கேட்டு பிட் (bid, அதாவது போட்டி விண்ணப்பம்) போடலாம் என்று குழுவில் பேச்சு. எந்த மாநாடு, எந்த ஊர் என்பது இப்போதைக்கு வேண்டாம், போட்டியில் இருக்கும் கல்லூரிகளில் ஒரு தமிழ்ப் பையனாவது இதைப் படிப்பான்.

பணம் எவ்வளவு ஆகும், எங்கே ஓட்டை விழும் என்பது ஒரு கேள்வி. பெரிய கேள்வி இந்த மாநிலம்தான். 2007இல் அயோவாவின் சிவில் உரிமைச் சட்டத்தில் சேர்த்த பாலின அடையாளத்தை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டார்கள். ஒருமுறை கொடுத்த பாதுகாப்பை இப்படித் திரும்பப் பிடுங்கிய முதல் மாநிலம் இதுதான். அரசுப் பல்கலைக்கழகங்களில் டிஇஐ (பன்மைத்துவம், சமத்துவம், உள்ளடக்கம்) அலுவலகங்களையும் 2024இல் வந்த சட்டம் மூட வைத்துவிட்டது. இந்த நேரத்தில் ஆயிரம் பிள்ளைகளை இங்கே வாருங்கள் என்று கூப்பிடுவது தைரியமா, பொறுப்பில்லாத வேலையா? எங்கள் குழு பாதிக்குப் பாதி பிரிந்து நிற்கிறது.

கரிசல்:

நேராகவே கேட்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். கடன் வாங்கிப் படிக்க வந்த ஆள் நீங்கள். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகப் பக்கங்களை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள். ஊருக்குப் போய் ஸ்டாம்பிங் எடுக்க வேண்டி வந்தால் மாநாட்டு போஸ்டரில் உங்கள் பெயர் முதலில் வந்து நிற்கும். தூதரகத்தை விடுங்கள், அந்தப் போஸ்டர் சித்தப்பா வாட்ஸ்அப் குழுவுக்கு எத்தனை நிமிடத்தில் போகும்? மாநாட்டை இங்கே பிறந்த பிள்ளைகள் நடத்தட்டும், நாம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாமே.

பட்ஜெட்டக்கா:

கரிசல் சொல்வதில் பாதி சரி. பெயர் போடாமலே வேலை செய்யலாம். கணக்கு, ஹோட்டல், பதிவு எல்லாம் திரைக்குப் பின்னால்தான் நடக்கிறது. எஃப்1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று: சும்மா தொண்டு செய்தால் பிரச்சினை இல்லை, ஆனால் மாநாட்டுக் குழு "உழைத்ததற்கு ஒரு சின்னத் தொகை" என்று நீட்டினால் அது சம்பளம் ஆகிவிடும். வாங்கும் முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்டுக்கொள், தம்பி.

இனி பணம். நான் மாணவியாக இருந்தபோது இப்படி ஒரு மாநாட்டின் கணக்கைப் பார்த்தவள் (எது என்று நானும் சொல்லவில்லை). பிட் எழுதுகிறவர்கள் எல்லோரும் யாரைப் பேச்சாளராகக் கூப்பிடலாம் என்றுதான் மூன்று வாரம் சண்டை போடுவார்கள். பேச்சாளரால் எந்த மாநாடும் திவாலாவதில்லை, ஹோட்டலால்தான் ஆகிறது.

ரூம் பிளாக் என்று ஒன்று போடுவீர்கள், இத்தனை அறை எங்களுக்காக ஒதுக்கி வை என்று. ஒப்பந்தத்தின் நடுப்பக்கத்தில் அட்ரிஷன் என்று ஒரு பத்தி இருக்கும், அதில் பெரும்பாலும் 80 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். 200 அறை, இரண்டு ராத்திரி என்றால் கணக்கு 400. அதில் 320 நிரம்பியே ஆக வேண்டும். மாணவர்கள் என்ன செய்வார்கள்? நாலு பேர் ஒரு அறையில் படுப்பார்கள், இரண்டு பேர் நண்பன் வீட்டு சோபாவில். 250தான் நிரம்பியது என்று வை, மீதி 70க்கு ராத்திரிக்கு 140 டாலர் வீதம் 9,800 டாலர் உங்கள் தலையில். அதனால் பிளாக்கை முதலில் சின்னதாகப் போட்டு, நிரம்பினால் அதே விலைக்குக் கூட்டித் தர வேண்டும் என்று எழுதி வாங்கு. வருகிற கூட்டத்தைப் பற்றி உன் குழுவுக்கு இருக்கும் நம்பிக்கையை ஹோட்டல்காரனிடம் காட்டாதே.

சாப்பாடும் அப்படித்தான். மெனுவில் 30 டாலர் என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். ஒன்று சர்வீஸ் சார்ஜ், மற்றது வரி. 24 சதவீதமும் அதன்மேல் 7 சதவீதமும் ஏறினால் கிட்டத்தட்ட 40 டாலர். ஆயிரம் பேர், ஒரே ஒரு மதியச் சாப்பாடு, 10,000 டாலர் வித்தியாசம். காபியைக் கேலன் கணக்கில் விற்பார்கள், அந்த விலையைப் பார்த்தால் கும்பகோணத்திலிருந்தே ஆள் கூட்டி வந்து டிகிரி காபி போடலாம் என்று தோன்றும்.

இன்னும் ஒன்று, பதிவுக் கட்டணம். மாணவர்கள் தனியாகக் கட்டுவது குறைவு, கல்லூரிகள் மொத்தமாகக் கட்டும். கல்லூரியின் காசோலை மாநாடு முடிந்து சில வாரம் கழித்துக்கூட வரும், ஆனால் ஹோட்டலுக்கு முன்பணம் முன்னாலேயே போக வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்குவது யார் என்று பிட்டில் எழுதியிருக்கிறதா?

மினசோட்டா பனி:

அக்கா சொன்ன கணக்கெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நான் கேட்பது, ஏன் அயோவா? எங்கள் மாநிலம் 1993இலேயே பாலின அடையாளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. மினியாபொலிஸுக்கு நேரடி விமானம், விமான நிலையத்திலிருந்து ரயில். ஒரு திருநம்பி மாணவன் ஹோட்டலில் கழிவறைக்குப் போகத் தயங்க வேண்டியதில்லை. பாதுகாப்பான ஊர் பக்கத்தில் இருக்கும்போது பாதுகாப்பில்லாத ஊரில் கூட்டம் போட்டு என்ன நிரூபிக்கிறோம்? வருகிறவர்கள் 19 வயதுப் பிள்ளைகள், அதில் பலர் வீட்டில் சொல்லாமல் வருவார்கள்.

சட்டப்பூச்சி:

சட்டம் படிக்கிறேன், வக்கீல் இல்லை, இதை வைத்துக்கொண்டு யாரும் கோர்ட்டுக்குப் போகாதீர்கள்.

பனி, நீங்கள் சொல்கிற "பாதுகாப்பான ஊரில் நடத்துவோம்" என்ற வாதத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தால் இந்த மாநாடுகள் பாதி நடந்தே இருக்காது. இந்த வகையில் பெரியது எம்பிஎல்ஜிடிஏசிசி என்று நீளமான பெயர் கொண்ட மிட்வெஸ்ட் மாநாடு. அது 1993இல் முதலில் கூடியது அயோவாவில்தான், டிமாய்ன் நகரத்தில் டிரேக் பல்கலைக்கழகத்தில். 2012இல் திரும்பவும் அயோவா, ஏம்ஸில் உள்ள அயோவா ஸ்டேட். இந்தியானாவில் 2015 மார்ச்சில் கவர்னர் மைக் பென்ஸ் மதச் சுதந்திரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார், எல்ஜிபிடி மக்களைப் பாகுபடுத்த அது வழிவிடும் என்று நாடே கொதித்தது, கம்பெனிகள் அந்த மாநிலத்தைப் புறக்கணிப்போம் என்றன. அதற்கு அடுத்த பிப்ரவரியில் மாநாடு கூடியது இந்தியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில். அப்புறம் ஒமாஹா, விச்சிட்டா. இந்த ஊர்கள் எதுவும் சிகாகோ மாதிரி இல்லை.

ஆனால் இந்த இழைக்கு ரொம்ப நெருக்கமான கதை அலபாமாவுடையது. 1992இல் அங்கே ஒரு சட்டம், தன்பாலீர்ப்பாளர் வாழ்க்கையை ஊக்குவிக்கும் எந்த மாணவர் அமைப்புக்கும் அரசுப் பணமோ அரசுக் கட்டடமோ தரக் கூடாது என்று. மொபைல் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு அமைப்புக்குப் பணம் மறுத்தார்கள், அவர்கள் வழக்குப் போட்டார்கள். அதே நேரம் தென்கிழக்கு மாநிலங்களின் எல்ஜிபி கல்லூரி மாநாடு 1996இல் டஸ்கலூசாவில், அலபாமா பல்கலைக்கழகத்தில் நடக்க இருந்தது. மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அதைத் தடுக்கப் படாத பாடுபட்டார். அவர் பெயர் ஜெஃப் செஷன்ஸ், ஆம், 2017இல் டிரம்ப்பின் அட்டர்னி ஜெனரல் ஆனவரேதான். மாநாட்டுக்குச் சில வாரம் முன்பு கூட்டாட்சி நீதிபதி மைரன் தாம்சன் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றார், மாநாடு நடந்தது, அடுத்த வருடம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மினியாபொலிஸில் நடத்தியிருந்தால் அப்படி ஒரு மோதலே வந்திருக்காது, பனி.

அயோவாவின் டிஇஐ சட்டத்துக்கு வருகிறேன். அது மூடச் சொன்னது பல்கலைக்கழகத்தின் அலுவலகங்களை. பதிவு பெற்ற மாணவர் அமைப்பு அந்த வரையறைக்குள் வராது. மாணவர் கட்டணத்திலிருந்து வரும் நிதியைப் பிரிப்பதில் கருத்து பார்த்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்று 2000இல் விஸ்கான்சின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கைப் போட்டவர் தன் கட்டணம் இப்படிப்பட்ட அமைப்புகளுக்குப் போகக் கூடாது என்று கேட்டு வந்தவர், கடைசியில் அது உங்களுக்குக் கேடயமாகிவிட்டது. ஆகவே சோளக்காட்டான், செஸ் கிளப் எந்தப் படிவத்தில் பணம் கேட்கிறதோ அதே படிவத்தில் கேளுங்கள். சலுகையாகக் கேட்காதீர்கள்.

ஓஹாயோ கதிர்:

சட்டப்பூச்சி, வரலாறு அருமை. ஆனால் கோர்ட்டில் ஜெயித்த கதை வேறு, மூன்று நாள் மாநாட்டில் ஒன்றுக்குப் போக வேண்டிய கதை வேறு. நான் திருநம்பி, கொலம்பஸ் பக்கம் வளர்ந்தவன், அப்பா அம்மா மதுரை. எங்கள் ஓஹாயோவில் 2024 நவம்பரில் கையெழுத்தான சட்டப்படி கல்லூரிகளில் பலர் பயன்படுத்தும் கழிவறைக்குப் பிறப்பில் போட்ட பாலினப்படிதான் போக வேண்டும். அதனால் இங்கே யாராவது பிட் போட்டால் கல்லூரி வளாகத்துக்குள் நடத்தவே கூடாது என்பேன்.

நான் போன ஒரு மாநாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாணவர் குழு ராத்திரி உட்கார்ந்து, எல்லோரும் பயன்படுத்தலாம் என்று தாளில் அச்சடித்து, ஆண், பெண் படம் போட்ட பலகைகள் மேல் நீல டேப்பால் ஒட்டியது. காலையில் பார்த்தால் பாதித் தாளைக் காணோம். துப்புரவு வேலைக்கு வந்த அம்மா, யாரோ விளையாட்டுக்கு ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கிழித்துக் குப்பையில் போட்டிருக்கிறார், அவர்மேல் தப்பே இல்லை, மேனேஜர் அவரிடம் சொல்லவே இல்லை. மேனேஜருக்கும் வாய்வார்த்தையாகத்தான் தெரியும். முதல் நாள் முழுக்க நான் தண்ணீர் குடிக்கவில்லை. மாநாட்டின் பேச்சு எதுவும் இப்போது ஞாபகம் இல்லை, அந்தத் தாகம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிட்டில் இதற்கென்று ஒரு பக்கம் வையுங்கள். எந்த மாடி, எந்தக் கதவு, எத்தனை தனிக் கழிவறை, சக்கர நாற்காலி போகுமா, பலகையை மாற்றுவது யார், எந்த ஷிஃப்ட் ஆளுக்கு யார் சொல்வது. போட்டோ வேண்டாம் என்பவர்களுக்குக் கழுத்துப் பட்டை வேறு நிறத்தில் இருக்க வேண்டும், கரிசல் பயப்படுகிற வாட்ஸ்அப் சித்தப்பாவுக்கு அதுதான் பதில்.

கரிசல்:

கதிர், மன்னிக்கவும், நான் கழிவறை பற்றி யோசிக்கவே இல்லை. பட்டை விஷயமும் புதிது. வேறு நிறப் பட்டை போட்டால் "இவன்தான் ஒளிகிறவன்" என்று தனியாகத் தெரியாதா?

ஓஹாயோ கதிர்:

உள்ளே இருப்பவர்களில் நிறையப் பேர் அதையே எடுப்பார்கள். வெட்கம் ஒன்றும் இல்லை. மேசையில் இரண்டு குவியலாக வைத்திருப்பார்கள், காரணம் கேட்காமல் நாமே எடுத்துக்கொள்வது.

ஆன் ஆர்பர் அத்தை:

பிள்ளைகளா, நான் மாணவி இல்லை, என் மகன் தன்பாலீர்ப்பாளன், அவனால்தான் இங்கே வந்து சேர்ந்தேன். மிச்சிகனில் ரொம்ப வருடமாக இருக்கிறேன். பூச்சித் தம்பி அலபாமாவைச் சொன்னான், எங்கள் ஊர்க் கதையையும் கேளுங்கள். 1970இல் இங்கிருந்த கே லிபரேஷன் ஃபிரன்ட் மாணவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு நடத்த இடம் கேட்டார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ராபன் ஃபிளெமிங் முடியாது என்றுவிட்டார். நல்லவர் என்று பெயர் எடுத்தவர்தான், வியட்நாம் போர் எதிர்ப்பு நேரத்தில் மாணவர்களோடு பொறுமையாகப் பேசியவர், இதற்கு மட்டும் மனம் வரவில்லை. அடுத்த வருடமே ஜிம் டாய் என்ற செயற்பாட்டாளரும் மற்றவர்களும் சேர்ந்து போராடி தன்பாலீர்ப்பு மாணவர்களுக்கென்று வளாகத்துக்குள்ளேயே அலுவலகம் வாங்கினார்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அப்படி ஒன்று முதலில் வந்தது இங்கேதான். 2011இல் பூச்சி சொன்ன அந்த நீளப் பெயர் மாநாடு இதே வளாகத்தில் நடந்தது. 41 வருடம்.

சோளக்காட்டான், உங்கள் ஊரில் என்னைப் போல அம்மாக்கள் இருப்பார்கள், சர்ச்சில் இருப்பார்கள், பழைய மாணவர்கள் இருப்பார்கள். பிள்ளைகள் தூங்க வீடு தருவார்கள். பிட்டில் அதையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் நாலு பேர் தூங்கலாம், இட்லி உண்டு, ஆனால் நான் மிச்சிகனில் இருக்கிறேன், அதுதான் சிக்கல்.

பட்ஜெட்டக்கா:

அத்தை, உங்கள் வீட்டில் தூங்கினால் அட்ரிஷன் இன்னும் ஏறும், ஆசை காட்டாதீர்கள்.

பழைய கான்சாஸ்காரன்:

2014 பிப்ரவரியில் கான்சாஸ் சிட்டியில், மிசௌரி பல்கலைக்கழகத்தின் அங்குள்ள வளாகம் நடத்திய மாநாட்டுக்குப் போயிருக்கிறேன். இரண்டு மாதம் முன்பு, 2013 டிசம்பரில்தான், நம் இந்திய உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் திரும்ப உயிர்ப்பித்திருந்தது. ஊரில் என் கூட்டாளிகள் எல்லாம் நொந்து கிடந்த நேரம், நான் பனியில் பஸ் ஏறிப் போய் நூற்றுக்கணக்கான பேர் நடுவில் நிற்கிறேன், சந்தோஷப்படுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. மாநிலவாரியாக உட்கார்ந்து பேசும் கூட்டம் ஒன்று வைப்பார்கள். எனக்கு எந்த மாநிலம் என்று ஒருத்தி கேட்டாள், தமிழ்நாடு என்றேன், எழுதிக்கொண்டாள்.

சட்டப்பூச்சி:

மிசௌரி என்றதும் விட முடியவில்லை. 1970களில் அதே மிசௌரி பல்கலைக்கழகம் கே லிப் என்ற மாணவர் அமைப்புக்கு அங்கீகாரமே தர மறுத்து கோர்ட் வரை போனது. 1977இல் மேல்முறையீட்டில் மாணவர்கள் ஜெயித்தார்கள். பல்கலைக்கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போக, 1978இல் வழக்கை எடுக்க மறுத்தார்கள். எடுக்க வேண்டும் என்று மாறுபட்டு எழுதிய நீதிபதி ரென்குவிஸ்ட், பல்கலைக்கழகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது தட்டம்மை வந்தவர்கள் தனிமைப்படுத்தலை மீறி ஒன்றுகூட உரிமை கேட்பது போன்றது என்ற ரீதியில் எழுதினார். கான்சாஸ்காரரே, நீங்கள் போன மாநாட்டை நடத்தியது அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம்.

மினசோட்டா பனி:

சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். அயோவா மாணவர்கள் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் கதிர் சொன்ன கழிவறை, ஹோட்டல் வாசலில் ஒருவனை அவமானப்படுத்தினால் யாரிடம் போவது என்பதற்கெல்லாம் 1996 தீர்ப்பில் பதில் இல்லை. மாநிலச் சட்டம் கைவிட்ட இடத்தில் என்ன இருக்கிறது?

சட்டப்பூச்சி:

ஒப்பந்தம் இருக்கிறது. மாநிலம் எடுத்துவிட்டதை இரண்டு தரப்பும் விரும்பினால் தங்களுக்குள் திரும்ப எழுதிக்கொள்ளலாம். பாலின அடையாளம் பார்த்து விருந்தினரையோ ஊழியரையோ பாகுபடுத்த மாட்டோம், ஒப்பந்தத்தோடு இணைத்த வரைபடத்தில் குறித்த கழிவறைகளுக்குப் பலகை மாற்றுவது ஹோட்டலின் பொறுப்பு, அதைச் செய்ய முடியாதபடி புதுச் சட்டம் வந்தால் அபராதம் இல்லாமல் நாங்கள் ரத்து செய்யலாம். இந்த மூன்று வாக்கியத்தையும் ஹோட்டல் விற்பனை மேனேஜரிடம் நீட்டுங்கள். கூட்டம் குறைவான மாதத்தில் 200 அறை கேட்கிற ஆளை அவர் லேசில் விட மாட்டார். பேரம் பேச முடிவது கையெழுத்துக்கு முந்தின நாள் வரைதான், போட்டதும் அந்தப் பலம் அவர் கைக்குப் போய்விடும்.

பட்ஜெட்டக்கா:

இதை நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். அதோடு, தம்பி, நகரத்தின் சுற்றுலா அலுவலகத்துக்குப் போ. மாநாடுகளைத் தங்கள் ஊருக்கு இழுத்து வருவதுதான் அவர்கள் தொழில். ஹோட்டல்களிடம் விலை கேட்பது, மண்டபம் சுற்றிக் காட்டுவது, பிட் புத்தகத்துக்குப் படம் தருவது எல்லாம் காசில்லாமல் செய்வார்கள். வானவில் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்களோ தெரியாது, 400 அறை ராத்திரி என்றால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள்.

கையெழுத்து யார் போடுவது என்று இதுவரை நீ சொல்லவில்லை. மாணவர் போடக் கூடாது. போட்டால் கடன் உன் பெயரில்.

சோளக்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் குழுவுக்கு மொழிபெயர்த்து அனுப்பினேன் (இட்லியையும்).

நேற்று கூடிப் பேசியதில் எடுத்த முடிவு: பிட் போடுகிறோம். எங்கள் பல்கலைக்கழகம் தனியாக இல்லை, பக்கத்தில் உள்ள ஒரு தனியார் கல்லூரியும் சேர்ந்து. ஒப்பந்தத்தில் கையெழுத்து அவர்களுடைய நிகழ்ச்சி அலுவலகம், வேலையும் ஆட்களும் பெரும்பாலும் நாங்கள். அங்கே ஒரு டீன் பெண்மணி வாயால் சரி என்றிருக்கிறார், எழுத்தில் இன்னும் வரவில்லை. என் பெயர் எங்கும் வராது, கரிசல், சித்தப்பா நிம்மதியாக இருக்கலாம். கழிவறைப் பக்கத்தை எழுதும் பொறுப்பைக் கதிர் சொன்ன பட்டியலோடு இரண்டு பேரிடம் கொடுத்திருக்கிறோம், அவர்கள் நாளை அளவு நாடாவோடு போகிறார்கள்.

பிப்ரவரியா அக்டோபரா என்பதில்தான் இன்னும் சண்டை. பிப்ரவரியில் ஹோட்டல் மலிவு, பனிப்புயல் வந்தால் ஒரு பஸ்கூட வராது. அக்டோபரில் ஊரே கால்பந்துக்கு நிரம்பிவிடும்.

பட்ஜெட்டக்கா:

பனி விழுந்து ஆள் வராவிட்டால் அட்ரிஷனில் விலக்கு உண்டா என்று பார்த்தாயா? "ஃபோர்ஸ் மஜூர்" (நம் கையை மீறிய தடைகள்) பத்தியில் புயல் என்று மட்டும் இருந்தால் போதாது, நெடுஞ்சாலை மூடினாலும் சேர வேண்டும். வரைவு வந்ததும் ஹோட்டல் பெயரை மறைத்துவிட்டு இங்கே போடு.

சட்டப்பூச்சி:

எனக்கும் அனுப்புங்கள். வியாழன் வரை பரீட்சை, அதுவரை யாரும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.